திண்ணை காலியாக இருந்த ஆண்டுகள்

2020 ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறந்தார்கள். டெல்டா பாசனத்துக்குத் தண்ணீர் விட வேண்டிய தேதி என்று ஊரில் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லும் தேதி அது. ஆனால் சொன்ன தேதியில் திறந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. நாலு நாளில் கல்லணையும் திறந்தது. ஊரடங்கு அறிவித்த சில நாட்களிலேயே விவசாய வேலைகளுக்கு விலக்குக் கொடுத்திருந்தார்கள். அதனால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கமெல்லாம் குறுவை நடவு மும்முரமாக நடந்தது. அந்த வருடம் குறுவைப் பரப்பு மூன்று லட்சம் ஏக்கரைத் தாண்டியது.

அதே ஜூனில் வழக்கமாகத் திறக்கும் இன்னொன்று திறக்கவில்லை. பள்ளிக்கூடம். மார்ச்சில் மூடியது மூடியதுதான். பத்தாவது, பன்னிரண்டாவது படிப்பவர்களுக்கு 2021 ஜனவரி 19-இல் திறந்து, மறுபடி மூடி, இரண்டாவது அலையும் வந்துபோய், ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை கதவு திறந்தபோது தேதி 2021 நவம்பர் 1. டாஸ்மாக் கடைகள் 2020 மே மாதமே திறந்துவிட்டன என்பதையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

ஒரு சின்னக் கணக்கு. 2020 மார்ச்சில் ஒன்றாம் வகுப்பிலிருந்து வீட்டுக்கு வந்த பிள்ளை, திரும்பிப் போனபோது உட்கார்ந்தது மூன்றாம் வகுப்பில். இரண்டாம் வகுப்பு முழுக்க வீட்டில் நடந்தது. அல்லது நடக்கவில்லை.

"வீட்டையே பள்ளிக்கூடமா மாத்திக்கங்க" என்று அந்த நாட்களில் ஆளாளுக்குச் சொன்னார்கள். தொலைக்காட்சியில் சொன்னார்கள், வாட்ஸ்அப்பில் சொன்னார்கள். அட்டவணை போடுங்கள், மூலையில் ஒரு மேசை போடுங்கள், பிள்ளையோடு பிள்ளையாக உட்காருங்கள். பழைய காலத்தில் நம் முன்னோர் இப்படித்தானே படித்தார்கள், திண்ணையில் படித்துத்தானே பெரிய ஆள் ஆனார்கள் என்று ஒரு பெருமையும் கூடவே வந்தது. இந்தக் கட்டுரை அந்தப் பெருமையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கிறது. காவிரிக் கரையில் வீடு எப்போதாவது பள்ளிக்கூடமாக இருந்ததா? இருந்தது என்றால், யாருக்கு?

ஒரு நாள்

முதலில் 2020 ஜூலை மாதத்தில் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். ஒரே வீட்டின் கதை அல்ல இது. பல வீடுகளில் கேட்டதைச் சேர்த்துக் கட்டிய நாள். அதனால் பெயர் வேண்டாம்.

அம்மா நடவுக்குப் போகிறவர். விடிவதற்கு முன்பே எழுந்து சோறு வடித்து, குழம்பு வைத்து, தூக்குவாளியில் பழையதை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். நடவு என்பது கூட்டு வேலை, பத்துப் பதினைந்து பெண்கள் சேர்ந்து இத்தனை மா என்று பேசி எடுப்பது. ஒரு ஆள் வரவில்லையென்றால் மற்றவர்கள் தலையில் விழும். "புள்ளைக்கு இன்னிக்குப் பாடம் இருக்கு, நான் பத்து மணிக்கு வர்றேன்"னு சொல்ல முடியாது. சொன்னால் நாளைக்குக் கூப்பிட மாட்டார்கள்.

வீட்டில் இரண்டு பிள்ளைகள். பெரியவள் ஒன்பதாம் வகுப்பு, சின்னவன் இரண்டாம் வகுப்பு. ஸ்மார்ட்போன் ஒன்று, அது அப்பாவிடம். அவர் சென்ட்ரிங் வேலைக்குப் போகிறார். வேலை எங்கே என்று மேஸ்திரி சொல்வது அந்தப் போனில்தான். டீச்சர் காலையில் வகுப்புக் குழுவில் அனுப்பும் வீட்டுப்பாடம் பிள்ளைகள் கண்ணில் படுவது ராத்திரி எட்டு மணிக்கு மேல். அதற்குள் அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும். கல்வித் தொலைக்காட்சி இருந்தது, 2019 ஆகஸ்டில் தொடங்கியது அந்த நேரத்தில் கைகொடுத்தது என்பது உண்மை. ஆனால் மின்சாரம் இருக்க வேண்டும், கேபிளுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும், இரண்டாம் வகுப்புப் பாடம் வரும் நேரத்தில் சின்னவன் வீட்டில் இருக்க வேண்டும். கஜா புயல் 2018 நவம்பரில் கூரையைத் தூக்கிக்கொண்டு போன வீடுகளில் சில அப்போதும் தார்ப்பாயோடுதான் நின்றன.

மத்தியானம் மூன்று மணிக்கு அம்மா திரும்பி வருகிறார். கால் இரண்டும் சேற்றில் ஊறி வெளுத்திருக்கிறது. "என்னடா தம்பி படிச்ச?" "அக்கா சொல்லிக் குடுத்துச்சு." "என்ன சொல்லிக் குடுத்துச்சு?" "கழித்தல்." அவ்வளவுதான் விசாரணை. அதற்கு மேல் கேட்க அம்மாவுக்குத் தெம்பும் இல்லை, தெரியவும் தெரியாது. அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை.

இந்த நாளில் "பெற்றோர் கற்பிக்கும் வீட்டுப்பள்ளி" எங்கே இருக்கிறது? சொல்லிக்கொடுத்தது அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. அக்கா. தன் பாடத்தை விட்டுவிட்டு, சோறாக்கி, பாத்திரம் கழுவி, நடுவில் தம்பிக்குக் கடன் வாங்கிக் கழிக்கச் சொல்லிக்கொடுத்த ஒரு பதினாலு வயதுப் பெண். இவளை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். இருநூறு வருடம் பின்னால் போய்விட்டு இவளிடம்தான் திரும்பி வரப்போகிறோம்.

உள்ளும் இல்லை, வெளியும் இல்லை

தஞ்சைப் பக்கத்துப் பழைய வீடுகளில் திண்ணை என்பது ஒரு விசித்திரமான இடம். கூரை வீட்டுக்காரருடையது. ஆனால் கதவுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. வழிப்போக்கர் படுப்பார், பஞ்சாயத்து நடக்கும், நெல் விலை பேசுவார்கள். வீடு தெருவுக்கு விட்டுக்கொடுத்த பாகம் என்று சொல்லலாம். பள்ளிக்கூடம் அங்கேதான் நடந்தது. கூடத்தில் அல்ல, அடுக்களையில் அல்ல. அதாவது, நாம் "வீட்டில் படித்தார்கள்" என்று சொல்லும் பழைய படிப்பு வீட்டுக்குள் நடந்ததே இல்லை. பல வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து, ஒரு வாத்தியாரிடம், ஒரு வீட்டின் வாசலில் படித்தார்கள். அந்த வாத்தியார் பெற்றோர் கொடுக்கும் நெல்லையும் காசையும் நம்பிப் பிழைத்தவர்.

இதை வெளியூர்க்காரர்கள் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்க என்ன செய்தார் தெரியுமா? ஒரு தமிழ் வாத்தியாரையும் அவரிடம் படித்த பிள்ளைகளையும் தன் வீட்டுக்கே வரவழைத்தார். பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் படித்தார். இருபது வயதைத் தாண்டிய ஒரு ஜெர்மானியர் 'அ' போட்டுப் பழகியது நம்ம ஊர் கடற்கரையில், பொடிப் பையன்கள் பக்கத்தில்.

அதே மணல்தான் பிறகு லண்டனுக்கும் போனது. ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789 முதல் சென்னையில் படைவீரர்களின் அனாதைப் பையன்களுக்கான விடுதிப் பள்ளியை நடத்தினார். தமிழ்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியில் அதைக் கொண்டுவந்தார். கூடவே இன்னொன்றும் செய்தார். மூத்த பையனை வைத்து இளையவனுக்குப் பாடம் சொல்லவைத்தார். 1797-இல் இதைப் புத்தகமாகப் போட, இங்கிலாந்தில் அது 'மெட்ராஸ் முறை' என்று பெயர் வாங்கியது. மூத்தவன் இளையவனுக்குச் சொல்லும் யோசனையையும் பெல் இங்கிருந்துதான் எடுத்தார் என்று நம்மூரில் சொல்வதுண்டு. அவர் மணலை மட்டுமே கடனாக ஒப்புக்கொண்டார். எப்படியானாலும், திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அந்த மூத்தவனுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது: சட்டாம்பிள்ளை. வாத்தியார் வெளியே போனால் முறை சொல்ல வைப்பதும், ஏட்டைப் பார்ப்பதும், அடி போடுவதும் அவன்தான்.

அடியைச் சொல்லாமல் விட முடியாது. திண்ணையைப் பற்றிப் பேசும்போது நிலாவும் மணலும் ஆத்திசூடியும் ஞாபகம் வருகிறது, கோதண்டம் ஞாபகம் வருவதில்லை. பையனைக் கயிற்றில் தொங்கவிடும் தண்டனைக்கு அந்தப் பெயர். படிப்பு முழுக்க மனப்பாடம். எண்சுவடியைக் கத்திக் கத்திச் சொல்ல வேண்டும், தப்பினால் பிரம்பு.

ஒரு மா நிலம்

ஆனால் அந்த எண்சுவடியில் ஒரு விஷயம் இருக்கிறது. திண்ணையில் பிள்ளை படித்த கணக்கில் பாதிக்கு மேல் பின்னம்தான். கால், அரை, முக்கால் நமக்குத் தெரியும். அதற்குக் கீழே அரைக்கால் 1/8, வீசம் 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. முந்திரியையும் மறுபடி 320 பங்காக வெட்டினால் கீழ்முந்திரி. ஏழெட்டு வயதுப் பையன் இதையெல்லாம் வாய்ப்பாடாக ஒப்பிப்பான்.

எதற்கு இவ்வளவு? டெல்டாவில் நிலத்தைப் பாருங்கள், தெரியும். இருபது மா ஒரு வேலி. ஆக, ஒரு மா என்பது வேலியில் 1/20. பின்னத்தின் பெயரே நிலத்தின் பெயர். நூறு குழி ஒரு மா. ஒரு குழிக்கு 144 சதுர அடி என்று வைத்தால் ஒரு மா 14,400 சதுர அடி, அதாவது 33 சென்ட். இன்றைக்கும் தஞ்சாவூர்ப் பக்கம் "எங்களுக்கு அஞ்சு மா இருக்கு" என்றுதான் சொல்வார்கள். ஏக்கர் பத்திரத்தில்தான் இருக்கும். அறுவடையானால் பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். இத்தனை மாவில் இத்தனை கலம் கண்டது, அதில் வாரம் இவ்வளவு, கூலி இவ்வளவு என்று கடைசி நெல்மணி வரை பிரிக்கத் தெரிந்த கணக்கு அது.

நம் கதையில் வரும் அம்மாவுக்கும் இந்தக் கணக்கு தெரியும். நாலு மா நடவுக்கு எத்தனை ஆள், ஆளுக்கு என்ன கூலி விழும் என்று பேப்பர் இல்லாமல் சொல்வார். ஆனால் மகனின் புத்தகத்தில் மாவும் இல்லை, குழியும் இல்லை. இங்கே "பாருங்கள், அம்மாவின் அறிவைப் பள்ளி மதிக்கவில்லை" என்று முடித்துவிடுவது சுலபம். பாதி உண்மையும்கூட. மீதிப் பாதி கொஞ்சம் கசப்பானது. திண்ணையில் இந்தக் கணக்கைப் படித்தது மரக்காலைக் கையில் பிடித்து அளப்பவர் வீட்டுப் பையன். கணக்குப்பிள்ளை வீட்டுப் பையன், மிராசுதார் வீட்டுப் பையன், வியாபாரி வீட்டுப் பையன். அளந்து போட்டதை முந்தானையில் வாங்கிக்கொண்டவர் வீட்டுப் பிள்ளை அந்தத் திண்ணையில் ஏற முடியாது. தலித் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அந்தத் தெருவிலேயே வழி கிடையாது. பெண் பிள்ளைகளும் திண்ணையில் மிகக் குறைவு. அம்மாவின் கணக்கு திண்ணையில் படித்தது அல்ல. ஏமாறாமல் இருப்பதற்காக வயலில் கற்றுக்கொண்டது.

மன்றோ எண்ணியது

1822 ஜூனில் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ ஒவ்வொரு மாவட்டக் கலெக்டருக்கும் ஒரு கேள்வி அனுப்பினார். உங்கள் மாவட்டத்தில் எத்தனை பள்ளிகள், யார் யார் படிக்கிறார்கள்? பதில்கள் எல்லாம் வந்துசேரச் சில வருடம் ஆயிற்று. மொத்தம் 12,498 பள்ளிகள். தஞ்சாவூர் மாவட்டத்தில் மட்டும் 880-க்கும் மேல், அது தவிர மேல்படிப்புக்கான இடங்கள் நூற்றுக்கும் மேல். பிராமணர் அல்லாத பிள்ளைகள், அந்தப் படிவத்தின் சொல்லில் 'சூத்திரர்', தமிழ்ப் பகுதிகளில் நிறையவே இருந்தார்கள். இந்த ஆவணங்களைத் தேடி எடுத்து 1983-இல் 'அழகிய மரம்' என்ற பெயரில் ஆங்கிலத்தில் புத்தகமாகத் தொகுத்தவர் தரம்பால். அன்றிலிருந்து இந்த எண்களை வைத்து இரண்டு தரப்பும் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. வெள்ளைக்காரன் நம் கல்வியை அழித்தான் என்பது ஒரு தரப்பு. அந்தக் கல்வி யாருக்கு இருந்தது என்று கேட்பது இன்னொரு தரப்பு.

நமக்கு வேண்டியது அந்தச் சண்டைக்குள் அதிகம் பேசப்படாத ஒரு வரிசை. சென்னை நகரத்துக் கலெக்டர் பள்ளியில் படிப்பவர்களோடு வீட்டில் படிப்பவர்களையும் எண்ணி அனுப்பினார். 26,000-க்கும் மேல்! பள்ளிக்குப் போகிறவர்களைப் போல ஐந்து மடங்கு. மன்றோவுக்கே நம்பிக்கை வரவில்லை. எங்கோ தப்பு இருக்கும் என்றார். ஆனாலும் உறவினரோ தனி வாத்தியாரோ வைத்து வீட்டில் படிப்பவர்கள் எங்கும் நிறைய இருப்பார்கள் என்று ஏற்றுக்கொண்டார். 1826 மார்ச்சில் அவர் எழுதிய முடிவு இது: ஐந்து முதல் பத்து வயதுப் பையன்களில் பள்ளியில் மட்டும் நான்கில் ஒருவர், வீட்டையும் சேர்த்தால் மூன்றில் ஒருவர்.

அன்றைய உலகத்தில் அது மோசமான எண் இல்லை. பல ஐரோப்பிய நாடுகளின் நிலைமையே சில காலம் முன்புவரை இதைவிட மோசம் என்று மன்றோவே எழுதியிருக்கிறார். ஆனால் அதைத் திருப்பிப் போட்டுப் படியுங்கள். திண்ணை, வீடு, உறவுக்காரர், தனி வாத்தியார் எல்லாவற்றையும் தாராளமாகக் கூட்டிய பிறகும் மூன்றில் இரண்டு பையன்கள் வெளியே. பெண்களைச் சேர்த்தால் ஆறில் ஐந்து பிள்ளைகள் வெளியே. வீட்டுக்கல்வியின் உச்சம் அதுதான். வசதியும் நேரமும் உள்ள வீட்டில் அது ஒழுங்காக வேலை செய்தது. மற்ற வீடுகளில் அதற்குப் பெயரே கிடையாது.

ஓர் அப்பா நடந்த தூரம்

வசதி என்றால் பணம் மட்டும் இல்லை. பாபநாசம் பக்கத்தில் உத்தமதானபுரத்தைச் சேர்ந்த, 1855-இல் பிறந்த ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். அப்பா வேங்கடசுப்பையர் சங்கீதக்காரர், ஊர் ஊராக ராமாயணக் கதை சொல்லிப் பிழைப்பவர். கையில் காசு நிற்காது. பையனுக்கு எப்படியும் தன் சங்கீதம் வர வேண்டும் என்று அவருக்கு ஆசை, பையனுக்கோ தமிழ்ப் பைத்தியம்.

அப்பா என்ன செய்தார்? திண்ணைப் பள்ளிக்கு அனுப்பினார், வீட்டில் சங்கீதம் சொல்லிக்கொடுத்தார். தன்னால் தமிழ் சொல்லிக்கொடுக்க முடியாது என்று தெரிந்ததும் குடும்பத்தையே கிளப்பினார். அரியலூரில் சடகோபையங்கார், கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்று நல்ல தமிழ் வாத்தியார் இருக்கும் ஊராகப் பார்த்துக் குடித்தனத்தை மாற்றினார். கடைசியில் 1871 வாக்கில் மாயூரத்துக்குக் கூட்டிப்போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் விட்டார். அந்தப் பையன் உ.வே. சாமிநாதையர். இதையெல்லாம் 'என் சரித்திர'த்தில் அவரே விரிவாக எழுதியிருக்கிறார்.

தமிழில் இதைவிடச் சிறந்த 'பெற்றோர் கல்வி'க் கதை இல்லை என்று நினைக்கிறேன். அப்பா எவ்வளவு சொல்லிக்கொடுத்தார் என்பது இதில் பெரிய விஷயமே இல்லை. தனக்குத் தெரியாததை யாரிடம் கேட்பது என்று கண்டுபிடித்து அங்கே கொண்டுபோய்விட்டார். கால் தேய நடந்தார். போன ஊரில் எல்லாம் கதை கேட்டு நெல் கொடுக்கவும், தங்க வீடு கொடுக்கவும் ஆட்கள் இருந்தார்கள். அவர் பிராமணர் என்பதும், கதை சொல்பவர் என்பதும் அந்தக் கதவுகளைத் திறந்தன. ஏழைதான், ஆனால் எல்லாத் திண்ணையிலும் உட்காரக்கூடிய ஏழை. ஊரடங்கு நாளில் வேங்கடசுப்பையர் இருந்திருந்தால் அவராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. நடக்க அனுமதி இல்லை, திண்ணைகள் காலி.

அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பா

அரசாங்கமே முன்வந்து "வீடும் பள்ளிதான்" என்று சொன்ன ஒரு தருணம் தமிழ்நாட்டில் உண்டு. 1953-இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கிராமத்துத் தொடக்கப்பள்ளிகளுக்கு ஒரு திட்டம் வந்தது. பிள்ளை மூன்று மணி நேரம் பள்ளிக்கூடத்தில். மீதி நேரம் வீட்டில், அப்பா அம்மா செய்யும் தொழிலைப் பார்த்துக் கற்றுக்கொள்ள. இரண்டு ஷிஃப்ட் வைத்தால் இருக்கும் கட்டடத்திலும் வாத்தியாரிலும் இரண்டு மடங்கு பிள்ளைகள் படிக்கலாம் என்பது அரசு தரப்பு. இருந்த காசுக்குள் யோசித்த கணக்கு, அதையும் சொல்ல வேண்டும்.

இந்தத் திட்டம் தஞ்சாவூர் வயலில் என்ன அர்த்தம் கொண்டிருக்கும்? அதற்கு முந்தின வருடம்தான், அதே ராஜாஜி அரசு, தஞ்சாவூர் மாவட்டத்துக்கென்றே தனியாகப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்திருந்தது. பண்ணையாள் என்றால் ஒரு மிராசுதார் வீட்டோடு குடும்பமாகக் கட்டுண்டு கிடந்தவர். பிள்ளை மாடு மேய்க்கும், மனைவி சாணி அள்ளும். அவர்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் தேவைப்பட்ட இடத்தில், அந்தப் பிள்ளையிடம் "மத்தியானத்துக்கு மேல் அப்பாவிடம் தொழில் கற்றுக்கொள்" என்றால் எந்தத் தொழிலை?

'குலக்கல்வி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது அதனால்தான். பெரியாரும் திராவிட இயக்கமும் எதிர்த்தன, காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. 1954-இல் நாகப்பட்டினத்திலிருந்து சென்னைக்கு ஓர் எதிர்ப்புப் படை நடந்தே கிளம்பியது. கிளம்பிய இடம் டெல்டா என்பதைக் கவனியுங்கள். ராஜாஜி விலகினார், காமராஜர் வந்தார், திட்டம் போனது. அந்தச் சண்டையில் ஜெயித்த கருத்தை எளிமையாகச் சொன்னால் இப்படி வரும்: பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்பது அப்பாவின் வயலிலிருந்து சில மணி நேரம் விடுதலை. அம்மாவுக்கு அது பிள்ளையைப் பற்றிக் கவலைப்படாமல் வேலைக்குப் போகக் கிடைத்த நேரம்.

சோறும் அப்படித்தான். டெல்டாவில் படிப்பும் சோறும் ஒட்டியே இருந்தவை. ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் பெயரில் இரண்டாம் சரபோஜி எழுப்பிய சத்திரத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடும் படிப்பும் ஒரே வளாகத்தில் நடந்தன. காமராஜரின் மதிய உணவு 1956, எம்.ஜி.ஆரின் சத்துணவு 1982. 2020-இல் பள்ளி மூடியபோது அந்தச் சோறு அரிசியும் பருப்புமாகப் பையில் வந்தது, பிறகு முட்டையும் வந்தது. ஆனால் பையில் வந்த அரிசி வீட்டு உலையில் எல்லோருக்குமாகக் கொதித்தது. பன்னிரண்டரை மணிக்குத் தட்டில் விழுந்தால்தான் அது பிள்ளையின் சோறு. அதை வடிக்கும் வேலையும் அக்காவுக்கே வந்தது.

அக்கா

இப்போது அந்தப் பதினாலு வயதுப் பெண்ணிடம் வரலாம்.

2021 அக்டோபர் 27-ஆம் தேதி விழுப்புரம் மாவட்டத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. முதல் கட்டமாகப் பன்னிரண்டு மாவட்டங்கள், அதில் தஞ்சாவூரும் நாகப்பட்டினமும் உண்டு. பெயரைக் கேட்டால் வீட்டுக்கல்வி போலத் தோன்றும். நடந்தது வேறு. ஊரில் படித்த ஒருவர், பெரும்பாலும் பெண், சாயந்திரம் ஐந்து மணிக்கு மேல் ஒன்றரை மணி நேரம், தன் தெருப் பிள்ளைகள் இருபது பேரைச் சேர்த்து உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பார். மாதம் ஆயிரம் ரூபாய். இடம்? யார் வீட்டு வாசலோ, கோயில் மண்டபமோ, சமுதாயக் கூடமோ, மரத்தடியோ.

இருநூறு வருடத்துக்குப் பிறகு திண்ணை திரும்பி வந்தது என்று சொல்லலாம். சில வித்தியாசங்களோடு. வாத்தியார் இடத்தில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வீட்டில் இருந்த அக்கா. கையில் பிரம்பு இல்லை. பெற்றோர் நெல் அளக்க வேண்டியதில்லை, அரசு கொடுத்தது. ஆயிரம் ரூபாய் அந்த வேலைக்கு ரொம்பக் குறைவு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முக்கியமாக, எந்தத் தெருப் பிள்ளையும் உட்காரலாம், ஏனென்றால் அந்த அக்கா அந்தத் தெருக்காரர். காலனித் தெருவில் காலனிப் பெண்ணே டீச்சர். மன்றோவின் படிவத்தில் இவருக்குக் கட்டமே கிடையாது.

இது வேலை செய்ததா? கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மவ்ரீசியோ ரொமேரோ என்ற மூன்று பொருளியலாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 சின்னப் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி மூடியிருந்த காலத்தில் இழப்பு பெரியது, மொழியைவிடக் கணக்கில் அதிகம். ஆனால் பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழந்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. அந்த மீட்சியில் சுமார் கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் என்பது அவர்கள் கண்டது. மீதியில் பெரும்பங்கு வேறு எதனால் இருக்கும்? பள்ளிக்கூடம் திறந்ததால்தான்.

ஆக, 2020-இல் எது மூடியது என்பதைக் கொஞ்சம் திருத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பள்ளி மூடியது, வீடு இருந்தது, வீடு அதன் இடத்தை நிரப்பவில்லை, குறை பெற்றோர் மேல் என்பதுபோல அந்த நாட்களில் ஒரு பேச்சு ஓடியது. வீடு எந்தக் காலத்திலும் தனியாக அந்த இடத்தை நிரப்பியதில்லை. உத்தமதானபுரத்துப் பையனுக்கே ஐந்தாறு ஊர் தேவைப்பட்டது. வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் தெரு என்று ஒன்று இருக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணன், எதிர்வீட்டு அத்தாச்சி, திண்ணை, மரத்தடி. தொற்றுக்குப் பயந்து நாம் முதலில் மூடியது அதைத்தான். மூடாமல் வேறு வழி இருந்ததா என்பது நோய் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டியது. ஆனால் மூடியதற்கான விலையை நடவுக்குப் போன அம்மாவின் பொறுப்பின்மை என்று எழுதினால் அது வரலாறு ஆகாது.

அதற்குப் பிறகு சில விஷயங்கள் நடந்தன. 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. 2023 ஆகஸ்ட் 25-இல் நாகப்பட்டினம் மாவட்டம் திருக்குவளையில் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுக்க விரிந்தது. இரண்டும் ஏதோ ஒரு வகையில் அந்த இரண்டு வருடத்தின் பாடம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இதைப் படிக்கும் உங்களில் சிலர் 2020-இல் பத்தாவது. ஜூன் 9-ஆம் தேதி பரீட்சை ரத்து என்ற செய்தியை டிவியில் பார்த்து, எழுதாமலே பாஸானவர்கள். உங்களில் பல பேர் அந்த வருடம் தம்பிக்கோ தங்கைக்கோ பக்கத்து வீட்டுப் பொடிசுக்கோ வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். யாரும் அதைப் பதிவு செய்யவில்லை. மன்றோ வீட்டில் படித்த பையன்களையாவது எண்ணப் பார்த்தார். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களை எண்ணவில்லை. 2020-க்கும் அப்படி ஒரு பட்டியல் இல்லை. எத்தனை வீட்டில் எத்தனை அக்காமார் எத்தனை மணி நேரம் சொல்லிக்கொடுத்தார்கள், அதற்காக அவர்கள் தங்கள் படிப்பில் எவ்வளவை விட்டார்கள், எத்தனை பேருக்கு அதோடு படிப்பே நின்று கல்யாணம் ஆனது என்ற கணக்கு எந்த அலுவலகத்திலும் இல்லை. உங்களிடம்தான் இருக்கிறது. ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இன்னும் இருநூறு வருடம் கழித்து யாராவது தேடுவார்கள்.